துறைமுகத்து ஊர்கள் – 7: பின்னேரம் வீடு திரும்பும் வேலை

திருகோணமலையின் கொட்டியாரக் குடாத் தென்கரையில், மூதூர்ப் பக்கம் போனால் கட்டி முடியாத வீடுகள் பல கண்ணில் படும். தூணுக்கு மேல் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். விறாந்தைக்குப் பூச்சு இராது. ஓர் அறைக்கு மட்டும் தகரம் போட்டுக் குடும்பம் குடியிருக்கும். அடுத்த மாதக் காசு வந்தால் இன்னும் நாலு வரி கல் ஏறும். அந்த வீடு மகளுக்கு. கிழக்கில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். சீதனம் என்றால் முதலில் வீடுதான். காசு அனுப்புகிற தாய், ரியாத்திலோ குவைத்திலோ வேறொருவர் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள்.

வேலைக்குப் போக விரும்பும் பெண்ணுக்கு இந்த வழக்கம் பெரிய பலம். பிள்ளையை அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ விட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆனால் அந்த அம்மம்மாதான் வீடு கட்டக் காசு தேடி வெளிநாடு போனவள்; அவள் வீட்டில் இல்லையே!

அந்தத் தாய்மாரின் பெண் மக்கள் கேட்பது, காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வருகிற வேலை. அதனால்தான் ஆசிரியர் நியமனத்துக்கு இத்தனை ஏக்கம். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். அரச ஊழியருக்குப் பிள்ளைப்பேற்றுக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு. வேண்டுமானால் அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமின்றி இன்னும் 84 நாள். தொழிற்சாலைப் பெண்ணுக்கு ஞாயிறும் போயாவும் சேர்த்தே 12 வாரம். அதில் இரண்டு வாரம் பேற்றுக்கு முன் போனால், பத்து வாரக் கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். பட்டம் முடித்த பிள்ளைகள் 2017இல் திருகோணமலைத் தெருவில் அரச நியமனம் கேட்டு உட்கார்ந்ததைச் சோம்பல் என்று பேசியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. இலங்கைப் பெண்களில் தொழிற்படையில் இருப்பவர் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே. ஆண்களில் ஏறத்தாழ 70 வீதம். இதை ஆசைக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சட்டமும் பெண்ணைத்தான் கட்டுகிறது. விறகு வெட்டியின் மகள் ரிசானா நபீக், 2005இல் மூதூரிலிருந்து சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டியிருந்தார்கள். அவர் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. அவரே கொன்றதாகத் தீர்ப்பாகி, 2013 ஜனவரி 9ஆம் தேதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதி வந்தது: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போகக் கூடாது. டொலர் இல்லாமல் நாடு தவித்த 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைந்தது. ரிசானா தாயல்ல, சிறுமி. அவரைக் காக்கத் தவறியது, வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுத்த இடத்தில். கட்டாருக்குப் போகும் தகப்பனிடம், பிள்ளையை யார் பார்ப்பார் என்று எந்த அதிகாரியும் இன்றுவரை கேட்பதில்லை.

வெளிநாடு போகாமல், பின்னேரம் வீடு திரும்பும் வேலைக்குப் பக்கத்திலேயே வழி உண்டு. கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலம் 2009இல் பாலம் வந்ததோடு போயிற்று. மூதூரிலிருந்து சீனக்குடாவின் மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் இப்போது தரைவழியாகவே போகலாம். இனி வேண்டியது, வேலை நேரத்துக்குப் பொருந்த ஓடும் பஸ். அது நிற்கும் இடத்தில் ஒரு பகல் பராமரிப்பு நிலையம். நடத்த ஆளும் ஊரிலேயே உண்டு. வளைகுடாவில் அந்நியர் பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய தாய்மாரை, மாதச் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் கொடுத்து அங்கே வேலைக்கு எடுக்கலாம்.