மாட்டுக்கு எண்ணெய் ஊற்றும் முன்

பால் சங்கத்தில் கொழுப்பு அளவு இறங்கினால், அன்று சாயங்காலமே தவிட்டில் அரை லிட்டர் கடலை எண்ணெயைக் கலந்து வைக்கிறார்கள். ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் கடலை விளைகிற ஊர். எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது. பலன்தான் நேர்மாறாகப் போகிறது.

வைக்கோலைச் செரிக்க வைப்பவை மாட்டின் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள். எண்ணெய் நார் மேல் படிந்து அவற்றை ஒட்டவிடாது, அவற்றின் வளர்ச்சியையும் முடக்கும். நார் செரித்துக் கிடைக்கும் அசிட்டிக் அமிலம் பால் கொழுப்புக்கு முக்கியமான மூலப்பொருள். அது குறைந்தால் கொழுப்பு மேலும் இறங்கும், மாடு தீனியையும் குறைக்கும். உலர் தீவனத்தில் மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 10 கிலோ தின்னும் மாட்டுக்கு 600 கிராம். புண்ணாக்கு, தவிட்டில் உள்ள எண்ணெயும் இதில் அடக்கம். கொழுப்பு சேர்த்தே ஆக வேண்டுமென்றால், பெருவயிற்றைப் பாதிக்காத பைபாஸ் கொழுப்பை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

நுரை உப்புசத்துக்கு எண்ணெய் மருந்துதான். ஆனால் தலையை அண்ணாத்தி, நாக்கை இழுத்துப் பிடித்து, கொட்டத்தால் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். இருமினால் உடனே தலையைத் தாழ விடுங்கள். இடது விலா வீங்கி மூச்சுத் திணறினால் கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் 1962-ஐ அழையுங்கள்.

தீவனமோ கொழுப்பு ஏற்றும் டானிக்கோ கொடுத்தபின் மாடு செத்தால், புதைக்காதீர்கள். முதலில் கால்நடை உதவி மருத்துவரிடம் உடற்கூறாய்வு கேளுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். வெயிலில் உடல் அழுகியபின் அறிக்கையில் எழுத என்ன மிஞ்சும்? மறுத்தால் கால்நடைத் துறையின் புதுக்கோட்டை மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். காதுவில்லையைக் கழற்றாதீர்கள், காப்பீட்டுக்கு அதுவே அடையாளம்.

சாக்கு, புட்டி, ரசீது மூன்றும் பத்திரமாக இருக்கட்டும். மிச்சத் தீவனத்தில் ஒரு கிலோவை மருத்துவர் முன்னிலையில் முத்திரையிட்டு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ரசீது தராத கடையில் வாங்கவே வாங்காதீர்கள். ரசீது இல்லாமல் வழக்கு நிற்பது கடினம்.

பிழைப்புக்காகத் தானே மாடு வளர்ப்பவரும் சட்டப்படி நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. உடற்கூறாய்வு அறிக்கை, ஆய்வக அறிக்கை, ரசீது ஆகியவற்றின் நகல்களைப் புகாரோடு இணையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: உடற்கூறாய்வு முடியும்வரை குழி வெட்டாதீர்கள்.