உங்களுக்குத் தெரியுமா? பாதி வேகம், நான்கு மடங்கு தூரம்!

படகு மின்மோட்டாரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், அசையாத நீரில் அதே பேட்டரி ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் இழுக்கும். வேகம் இரட்டித்தால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிவிடுவதே காரணம். 50 ஆம்பியர் இழுக்கும் 12 வோல்ட் மோட்டாரை முழுவேகத்தில் விட்டால், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டே மணி நேரத்தில் காலி. ‘அப்படியானால் 200 ஆம்பியர்-மணி வாங்கு’ என்பார்கள். தென்பெண்ணையைத் தேக்கும் சாத்தனூர் அணை போன்ற இடத்தில் தூண்டிலோடு ஊர்வதற்கு (அனுமதி தனிக்கதை) அவ்வளவு எதற்கு? எதிர்க்காற்று அடித்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. திரும்பி வரத் தேவையானது போக, பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக ஒதுக்கிவையுங்கள். ஆனால், கம்பிச்சுருள் வழியே வேகத்தைக் குறைக்கும் பழைய ஐந்துபடி மோட்டாரில் பாதி வேகச் சிக்கனம் முழுமையாகப் பலிக்காது: மிச்சமாக வேண்டியதில் ஒரு பகுதி வெப்பமாகவே போய்விடும்.