தளம் மாறினும் தரவு வாழ்க!

கொச்சியில், மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்த கொச்சங்காடியில், 1344-ஆம் ஆண்டு யூதர்கள் ஒரு தொழுகைக்கூடம் எழுப்பினர். அக்கூடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும், 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தில் இன்றும் இருக்கிறது. கட்டடம் மறைந்தது, எழுத்து வேறொரு கட்டடத்தில் வாழ்கிறது. தரவுத்தள வழங்கிக்கு இயங்குதளம் தேடும் மாணவ நண்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

"எது வேகமானது?" என்றுதான் நம்மவர் முதலில் கேட்கின்றனர். ஒரு துறையின் நூற்பட்டியலுக்கோ ஓர் ஆய்வாளரின் அளவீடுகளுக்கோ வேக வேறுபாடு பெரிதன்று. நான் கேட்கச் சொல்பவை வேறு மூன்று கேள்விகள்.

ஒன்று: "எழுதியாயிற்று" என்று தளம் சொன்னால் நம்பலாமா? தரவுத்தளம் தானே வட்டில் எழுதுவதில்லை, இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. வட்டு பழுதுற்று எழுத்து தவறினால், லினக்ஸ் அதனை ஒருமுறை அறிவித்துவிட்டு, மறுமுறை கேட்கும்போது "நலமே" என்று கூறிவிடக்கூடும். போஸ்ட்கிரெஸ் அறிஞர்கள் 2018-இல் இதனை உணர்ந்தனர். 2019 பிப்ரவரி வெளியீடுகள் முதல், அத்தகைய பிழை நேர்ந்தால் வழங்கி உடனே நின்று, தன் குறிப்பேட்டிலிருந்து மீள்கிறது. ஆகவே பழைய பதிப்பை வைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

இரண்டு: எழுத்து வரிசை யாருடையது? அகராதி தொகுத்தவர் 'க்ஷ'வைக் ககரத்தோடு வைக்க, தேடுபவர் இறுதியில் தேடினால் சொல் கிடைக்குமா? போஸ்ட்கிரெஸ் பொதுவாக இயங்குதளத்தின் வரிசைமுறையைக் கொண்டே தன் சுட்டுவரிசைகளை அமைக்கிறது. 2018 ஆகஸ்டில் வெளிவந்த கிளிப்சி 2.28 அவ்வரிசையை மாற்றியது. தளத்தை மட்டும் புதுப்பித்துச் சுட்டுவரிசைகளை மீண்டும் கட்டாதவர்க்கு, இருக்கும் பெயரே "இல்லை" என வரலாம். ஒரே பெயர் இருமுறையும் பதியலாம்.

மூன்று: எத்தனை ஆண்டு பேணுவர்? சென்ட்ஓஎஸ் 8-ஐ 2029 வரை பேணுவதாகக் கூறியிருந்தனர். 2021 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டனர். நம்பியிருந்தோர் இடையில் குடிபெயர நேர்ந்தது.

இவற்றோடு, அருகில் உதவ ஆளுண்டா என்பதும் முக்கியம். கேரளப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினி பயில்கின்றனர். அங்கே லினக்ஸ் அறிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. விண்டோஸ் மட்டும் அறிந்தவர் நடத்தும் வழங்கிக்கு விண்டோஸே நன்று. போஸ்ட்கிரெஸ் அதிலும் இயங்கும். இரண்டும் பயில வாய்ப்புள்ளவர்க்கு டெபியன், அல்லது உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு, என் பரிந்துரை.

எதைத் தேர்ந்தாலும், வாரந்தோறும் தரவை முழுமையாகப் படியெடுத்து, வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத படி, படியே அன்று. மூன்றாண்டு உழைத்துத் திரட்டிய அளவீடுகள் ஓர் இரவில் மறைந்தால், எந்தத் தளத்தைப் பழித்தும் அவை மீளமாட்டா.