டிப் தேய்க்க எந்தக் கருவி? மார்க்கர் வேலைக்கு வரும் தம்பிகள் கவனத்துக்கு

மும்பைப் புறநகர் ஒன்றில், ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில், மாடியில் நடக்கிறது அந்த ஸ்னூக்கர் - பூல் கூடம். நாலு மேஜை. அங்கே மார்க்கர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன திருநெல்வேலிப் பையனுக்குச் சம்பளத்தில் எண்ணூறு ரூபாய் பிடித்துவிட்டார்கள்.

பணத்தைத் திருடினானா? இல்லை. வேலைக்கு வராமல் இருந்தானா? அதுவும் இல்லை. வாடிக்கைக்காரர் ஒருவர் தம் சொந்தக் கோலைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். அதை நன்றாக வைத்திருக்க வேண்டும் என்பது பையனின் ஆசை. தினமும் காலையில் கடை திறந்ததும், கோல் நுனியை ஒரு கருவியில் செருகி நாலு திருகு திருகுவான். ஆறு வாரத்தில் நுனித் தோல் பாதியாகிவிட்டது. அதற்குக் கீழே உள்ள பூணிலும் கீறல் விழுந்துவிட்டது. அதிகமாக வேலை செய்ததற்கு அபராதம்!

மார்க்கர் என்றால் மேஜையைத் துலக்கி, பந்து அடுக்கி, புள்ளி எழுதுகிறவர். கோல்களைப் பராமரிப்பதும் அவர் தலையில்தான். கோலை 'கியூ' என்றும் அதன் நுனியில் ஒட்டிய வட்டத் தோலை 'டிப்' என்றும் சொல்வார்கள். பந்தைத் தொடுவது அந்தத் துண்டுத் தோல் மட்டுமே. ஸ்னூக்கர் கோலில் அதன் குறுக்களவு பெரும்பாலும் 9 முதல் 10 மில்லிமீட்டர். பூல் கோலில் 12 முதல் 13.

ஒரு காலத்தில் இந்தத் தோலே கிடையாது. வெறும் மரத்தால்தான் இடித்தார்கள். மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் சிறையில் இருந்தபோது கோல் நுனியில் தோலை ஒட்டி ஆடிப் பார்த்தார் என்றும், 1807 வாக்கில் அது வெளியுலகுக்கு வந்தது என்றும் ஆட்டத்தின் வரலாறு சொல்கிறது. பந்தின் ஓரத்தில் அடித்துச் சுழல வைக்கும் வித்தைகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவையே. ஸ்னூக்கர் பிறந்தது நம் நாட்டில்தான். 1875ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஆடத் தொடங்கினார்கள். 1880களில் அதன் விதிகள் நமது உதகமண்டலம் கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. 1958லும் 1964லும் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ் மும்பைக்காரர்.

வழுவழுப்பானால் வழுக்கும்

டிப்புக்கு ஏன் பராமரிப்பு? ஆட ஆடத் தோல் இறுகிப் பளபளப்பாகிவிடும். அப்புறம் நீல சாக் அதில் ஒட்டாது. சாக் என்று பெயரே தவிர, பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டி அல்ல அது. பந்தைப் பற்றிக்கொள்ளும் நறநறப்பான பொடி. பொடி தங்காவிட்டால் கோல் வழுக்கி, அடி தப்பும். அதே சமயம் அடி வாங்கி வாங்கித் தோல் பக்கவாட்டில் நாய்க்குடை போல விரியும். மேல் வளைவும் தட்டையாகிவிடும். ஆக, நோய் மூன்று. மூன்றுக்கும் மருந்து வேறு. பையன் மூன்றுக்கும் ஒரே கருவியைப் பிடித்தான்.

அதே கூடத்தில் நீண்ட காலமாக இருக்கும் மூத்த மார்க்கரும் அவன் ஊர்ப்பக்கத்துக்காரர்தான்.

"அண்ணாச்சி, கடைக்காரன் இதுதான் நல்லதுன்னு சொன்னான்."

"அவன் அப்படித்தான் சொல்லுவான். உள்ளே எத்தனாம் நம்பர் தாள் ஒட்டியிருக்குன்னு கேட்டியாடே?"

கேட்கவில்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். கிண்ணம் போலக் குழிந்து, உள்ளே உப்புத்தாளோ அரப்பல்லோ வைத்த கருவி 'ஷேப்பர்'. தோலுக்கு வளைவு கொடுப்பது அதன் வேலை. புது டிப் ஒட்டிய அன்று அதற்கு வேலை அதிகம். பிறகு வளைவு தட்டையானால் மட்டும் போதும். தாளின் நம்பர் 80 என்றால் அது தோலைக் கடித்துத் தின்னும். 400 என்றால் மெதுவாக வருடும். தினசரி உபயோகத்துக்கு 80ஐ எடுப்பது, முகம் கழுவச் செங்கல்லை எடுப்பது போன்றது.

வளைவுக்கும் அளவு உண்டு. கடைகளில் விற்கும் ஷேப்பர்களில் 'நிக்கல்', 'டைம்' என்று போட்டிருக்கும். அவை அமெரிக்க நாணயங்கள். நிக்கலின் குறுக்களவு 21 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்; டைம் 18க்குச் சற்றுக் குறைவு. நிக்கல் வளைவு கொஞ்சம் தட்டை, டைம் வளைவு கொஞ்சம் கூர்மை. அமெரிக்க நாணயத்துக்கு எங்கே போவது என்று திகைக்க வேண்டாம். 2011 முதல் வெளியான நமது ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர், அதே வரிசையின் 50 பைசா 19 மில்லிமீட்டர். நாணயத்தின் விளிம்பை டிப்பின் பக்கத்தில் நிறுத்தி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் வளைவு சரியா என்று தெரிந்துவிடும். அளவுகோல் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

பளபளப்பைப் போக்க ஷேப்பர் தேவையே இல்லை. நுண்ணிய பற்கள் கொண்ட தட்டும் கருவி உண்டு. அதைத் தோல்மேல் மெல்ல அழுத்தி உருட்டினால் சின்னச் சின்னக் குழிகள் விழும், சாக் பிடிக்கும், தோல் குறையாது. மார்க்கர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். ஆனால் டிப் எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஒற்றைத் தோலை அழுத்திச் செய்தது ஒரு வகை. மெல்லிய தோல்களைப் பசையிட்டு அடுக்கியது இன்னொரு வகை. பக்கத்திலிருந்து பார்த்தால் புத்தக ஏடுபோல வரி தெரியும். அடுக்குத் தோலில் நீண்ட ஊசி உள்ள கருவியைக் குத்தினால் அடுக்கு விட்டுப்போகலாம். அதற்கு 400ஆம் நம்பர் தாளால் இரண்டு தேய்ப்புப் போதும். விலையும் அதில்தான் அதிகம் என்பதால் தொடும்போது கை நடுங்குவது நல்லதே.

பக்கவாட்டு விரிசலுக்குப் பிளேடு வைத்த டிரிம்மர் விற்கிறது. மும்பை மழைக்காலத்தில் தோல் ஈரம் இழுத்துச் சீக்கிரம் உப்புவதால் ஜூன், ஜூலையில் இந்த வேலை கூடும். டிரிம்மர் வாங்கும்போது, அதன் வாய் அளவு உங்கள் கோலுக்குச் சேருமா என்று கோலையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். பூல் கோலுக்கான 13 மில்லிமீட்டர் வாயில் ஸ்னூக்கர் கோலைச் செருகினால் ஆடும், சாய்வாக வெட்டும். பையன் வைத்திருந்த கருவியும் இந்த வகைக் கோளாறுதான். பூணில் கீறல் விழுந்தது அதனால்தான்.

மூத்தவர் டிரிம்மரே வைத்துக்கொள்வதில்லை. பூணைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒரு சுற்று. புதுப் பிளேடால் மேலிருந்து கீழாகச் சீவல். பிறகு தோலின் ஓரத்தை லேசாக நனைத்து, பழைய செருப்புத் தோல் துண்டால் சூடு ஏறும்வரை தேய்ப்பு. ஓரம் கண்ணாடி போல இறுகிவிடும். சீக்கிரம் மறுபடி விரியாது. அவருடைய மொத்தத் தளவாடமும் ஒரு புகையிலை டப்பாவில் அடங்கிவிடுகிறது. ஆறு வேலை செய்யும் அலுமினியக் கட்டிகளும் கடையில் கிடைக்கின்றன. வாங்குவதானால், தேய்ந்த தாளை மாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் சில மாதத்தில் அது காகிதம் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைக்கத்தான் ஆகும்.

டிப்பின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் எந்தக் கருவியும் வேண்டாம். பிய்த்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டியதுதான். ஒட்டுவது தனி வேலை. அதற்குக் கூலியும் தனி. புதிதாக வந்த தம்பிகள் பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை.