புலாலைக் குறைப்பதா? முற்றும் துறப்பதா?

உணவு உடலை வளர்ப்பதோடு உள்ளத்தின் போக்கையும் உருவாக்குகின்றது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆதலால்தான் ஆலயத்திற்குச் செல்லும் நாளில் நாம் மச்சம் தவிர்க்கின்றோம். விரதம் தொடங்குகிறது என்றால் முதல் வேலையாகச் சமையலறையைக் கழுவித் துடைக்கின்றோம்.

அண்மை ஆண்டுகளில் இது தொடர்பாகப் புதியதொரு கேள்வி நம் அன்னதானக் கூடத்திலேயே எழுந்துள்ளது. உபயகாரர்கள் அன்போடு அளிக்கும் தயிர்ச்சாதத்தையும் நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கலையும் இளைஞர்கள் சிலர் பணிவோடு மறுக்கின்றனர். "பாலும் ஓர் உயிரிடமிருந்து பறிப்பதுதானே, ஐயா?" என்பது அவர்கள் வாதம். இதனால் மனம் வருந்தும் பெரியவர்கள் உண்டு. "வாரத்தில் இரண்டு நாள் மச்சத்தை நிறுத்துவதே எங்கள் வீட்டில் பெரும்பாடு. இதில் பாலையும் விடச் சொன்னால் எப்படி?" என்று கேட்கும் குடும்பத்தாரும் உண்டு. எல்லாரும் நம் அடியார்களே. ஆகவே இரு வழிகளையும் நிதானமாக ஆராய்வது நலம்.

சொல்லும் பொருளும்

சைவ உணவு என்று நாம் சொல்வது மீன், இறைச்சி, முட்டை நீங்கிய உணவு. பாலும் தயிரும் நெய்யும் அதில் உண்டு. இங்கிலாந்தில் 1847-ஆம் ஆண்டில் சைவ உணவாளர் சங்கம் ஒன்று தோன்றியது. பால் பொருள்களையும் விலக்க வேண்டும் என்று கருதியவர்கள் 1944-ஆம் ஆண்டில் தனிச் சங்கம் கண்டு, தம் நெறிக்கு 'வீகன்' என்று பெயரிட்டனர். தமிழில் இதனை 'நனிசைவம்' என்று வழங்குகின்றனர். தேன், பட்டு, தோல் ஆகியவற்றையும் இந்நெறியினர் தவிர்ப்பர்.

புலாலைக் குறைத்து உண்பது நமக்குப் புதியதன்று. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கார்த்திகை, புரட்டாசி மாதம், தைப்பூசத்திற்கு முன் 48 நாள் விரதம் என்று நம் ஆண்டுக் கணக்கிலேயே அது பதிந்துள்ளது. நம்மோடு வாழும் சீனச் சமூகத்தாரிலும் பலர் தங்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் உண்கின்றனர். ஒன்பது பேரரசர் திருவிழாவின் ஒன்பது நாளும் சைவம் காப்போர் அவர்களிடையே மிகுதி.

வள்ளுவரும் வள்ளலாரும்

திருக்குறளின் 26-ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். அது துறவறவியலில் அமைந்திருப்பதால் இல்லறத்தாருக்கு அது கட்டாயமில்லை என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அதே அதிகாரத்தில், உண்பதற்காகக் கொல்லுதல் உலகில் இல்லையெனில் விலைக்கு இறைச்சி விற்போரும் இரார் என்னும் கருத்து வருகின்றது. பணம் கொடுத்து இறைச்சி வாங்கச் சந்தைக்குச் செல்பவர் துறவியோ? இல்லறத்தாரே அல்லவா? வாங்குவது குறையக் குறையக் கொல்வதும் குறையும் என்னும் பொருளியல் உண்மை அக்குறளில் அடங்கியுள்ளது.

வள்ளலார் இன்னும் கண்டிப்பானவர். கொலையும் புலாலும் தவிர்த்தலைத் தம் நெறிக்கு அடிப்படையாக வைத்தார். ஆயினும் 1867-ஆம் ஆண்டில் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையில் பசித்து வந்தவரிடம், "நீ புலால் உண்பவனா?" என்று கேட்டு எவரையும் திருப்பி அனுப்பவில்லை. புலால் உண்பவரைப் புறவினத்தார் என்று வகுத்த அவரே, அவர்களுக்கும் பசி தீர்த்தல் கடமை என்றார். கொள்கையில் உறுதியும் மனிதரிடத்தில் கனிவும் ஒருங்கே இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்றைய நிலை

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் இறைச்சி அன்றாட உணவாக இல்லை. கருவாடும் கீரையும் பருப்பும்தான் பெரும்பாலான நாள்களில். தீபாவளிக்குக் கிடா வெட்டிப் பங்கு போட்டால் அது தோட்டமே பேசும் செய்தி. இன்றோ காலைப் பசியாறலின் நாசி லெமாக்கிலிருந்து இரவு உணவு வரை கோழி நம்மைத் தொடர்கின்றது. 2022-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மலேசிய அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்திவைத்தபோது, அதுவரை மாதந்தோறும் 36 லட்சம் கோழிகள் வரை வெளியே சென்றுகொண்டிருந்த செய்தி தெரியவந்தது. பழக்கம் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதை அவ்வெண்ணே சொல்லும்.

உலக நிலையும் கவனிக்கத்தக்கது. வெப்பம் கூட்டும் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பினால் வருவதாக ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் கணித்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. சாசேஜ் போன்றவற்றை நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்றும் அறிவித்தது.

ஒரு சிறு கணக்கு

ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஆண்டு முழுதும் புலாலைத் துறந்தால் 365 நாள் உணவு மாறுகின்றது. அதே குடும்பத்தில் ஐவரும் வாரத்தில் நான்கு நாள் தவிர்த்தால் ஒருவருக்கு 208 நாள், ஐவருக்கு 1,040 நாள். ஆவேசத்தில் அனைத்தையும் விட்டு மூன்றே மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பியவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 90 நாள்தான். தைப்பூச விரதம் மட்டும் காப்பவருக்கு 48.

ஆகவே, பலர் நிலையாகக் குறைப்பது சிலர் முற்றும் துறப்பதைவிட அதிக உயிர்களைக் காக்க முடியும். இதனை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே வேளையில், "நான் குறைத்துவிட்டேன்" என்று சொல்வோரும் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டிய இடங்கள் மூன்று உண்டு.

முதலாவது, விரதம் முடிந்த மறுநாள் விருந்து. 48 நாள் அடக்கியதை ஒரே வாரத்தில் ஈடுகட்டினால் நாவுதான் காத்திருந்தது என்று பொருள், மனம் மாறவில்லை.

இரண்டாவது, ஆட்டை விட்டுக் கோழிக்கும் நெத்திலிக்கும் மாறுவது. ஒரு கிடாயிலிருந்து கிடைக்கும் இறைச்சிக்கு ஏறத்தாழப் பத்துக் கோழிகள் வேண்டும். ஒரு கைப்பிடி நெத்திலியிலோ உயிர்கள் எத்தனை! உடல்நலத்துக்கு இம்மாற்றம் உதவலாம். உயிர்க்கருணையின் கணக்கில் இது குறைவாகாது.

மூன்றாவது, எண்ணிக்கை இல்லாமை. எந்தெந்த நாள் என்று வரையறுக்காத குறைப்பு, விருந்தினர் வந்தாலும் மழை பெய்தாலும் தள்ளிப்போகும்.

பாலைப் பற்றிய கேள்வி

நனிசைவர்களின் கேள்வியை வீம்பு என்று ஒதுக்குதல் முறையன்று. கன்று ஈன்றால்தான் பசு பால் தரும். பிறக்கும் காளைக் கன்றுகளுக்குப் பால் பண்ணையில் பயனில்லை. பால் வற்றிய பசுவைப் பெரும்பாலான பண்ணைகள் வைத்துக் காப்பதில்லை. இரண்டும் பெரும்பாலும் இறைச்சிக்கே போகின்றன. வீட்டுக் கொட்டிலில் கன்று குடித்தபின் கறந்த பாலை மனத்தில் வைத்து நம் நூல்கள் பேசின. இன்று நம் கடைகளில் கிடைக்கும் பால்மாவோ பெரும்பாலும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் பெரும்பண்ணைகளிலிருந்து வருவது. பசுவைத் தாயாகப் போற்றும் நாம் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

ஆனால் இவ்வழி எளிதன்று. காந்தியடிகள் 1912-இல் தென்னாப்பிரிக்காவில் பாலைக் கைவிட்டார். 1918-இல் கடும் நோயுற்று, பிழைப்பதே அரிது என்ற நிலை வந்தபோது, கஸ்தூரிபா அம்மையாரின் யோசனைப்படி ஆட்டுப்பாலை ஏற்றார். விரதத்தின் சொல்லைக் காத்தேன், அதன் உயிரைக் காக்கவில்லை என்னும் வருத்தத்தை அவரே தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அத்தகைய மனவுறுதி படைத்தவருக்கே அப்படியென்றால், தடுமாறும் சாதாரண அன்பரை நாம் ஏளனம் செய்யலாமா?

உடல்நலம் காத்தல்

விலங்கு உணவில் மட்டுமே இயல்பாகப் போதிய அளவு கிடைக்கும் சத்து 'பி12' வைட்டமின். அது பிரித்தறியப்பட்டது காந்தியடிகள் மறைந்த அதே 1948-ஆம் ஆண்டில்தான். இன்று நுண்ணுயிர்களைக் கொண்டு அது தயாரிக்கப்பட்டு மாத்திரையாகக் கிடைக்கின்றது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. பாலையும் விட்டவர் இதனைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். நீரிழிவுக்கு 'மெட்ஃபார்மின்' மாத்திரையை நெடுங்காலம் எடுப்போருக்கு இச்சத்து மேலும் குறையக்கூடும். அவர்கள் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் ஆலோசனையின்றி இவ்வழியில் இறங்கலாகாது.

புரதத்திற்குப் பருப்பு, கொண்டைக்கடலை, தௌஃபூ, தெம்பே உள்ளன. சுண்ணாம்புச் சத்திற்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை உள்ளன. கீரையோடு எலுமிச்சைச்சாறு சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும்.

சைவம் என்ற பெயர் மட்டும் நோயைத் தடுக்காது என்பதையும் நினைவில் கொள்வோம். மலேசியாவில் 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இறைச்சியை விட்டு, அந்த இடத்தை வெள்ளைச் சோறும் வடையும் கேசரியும் நிரப்பினால் பயன் என்ன?

ஆலயத்தில் நாம் செய்யக்கூடியவை

ஆகம முறைப்படி நடைபெறும் பாலாபிஷேகம் சிவாச்சாரியார்களின் வழிகாட்டலுக்கு உரியது. ஆனால் கொண்டுவரும் அளவு நம் கையில் உள்ளது. பெட்டி பெட்டியாக வாங்கிவரும் பாலைக் காட்டிலும் ஒரு செம்புப் பால் பக்தியில் குறைந்ததன்று.

அன்னதான உபயகாரர்கள் சிறிது மனம் வைத்தால் எல்லாரும் ஒரே பந்தியில் அமரலாம். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் ஆகியவற்றை எண்ணெயிலேயே தாளித்து, நெய்யையும் தயிரையும் தனியே பரிமாறச் செய்யலாம். பாயசத்தைத் தேங்காய்ப்பாலில் செய்யலாம். இந்நாட்டில் தேங்காய்ப்பாலுக்குப் பஞ்சமில்லை. கடையில் விற்கும் சைவ ஆடு, சைவக் கோழி ஆகியவற்றுள் சிலவற்றில் முட்டை வெண்கருவோ பால்மாவோ கலந்திருக்கும். சம்பல் வெளியிலிருந்து வந்தால் பெலாச்சான் சேர்ந்திருக்கலாம். வாங்குமுன் உறையைப் படித்து, கேட்டுத் தெளிதல் அவசியம்.

மெய்யன்பர்களே! முற்றும் துறக்க வல்லவர் துறக்கட்டும். அவரை நாம் போற்றுவோம். அவரும் தம்மைவிட மெதுவாக நடப்பவரைப் பழிக்காதிருக்கட்டும். மற்றவர்கள் இன்றே நாள்காட்டியை எடுத்து, இப்பொழுது காக்கும் நாள்களோடு வாரத்தில் இன்னும் ஒரே ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதனை ஓராண்டு வழுவாமல் காத்து, அடுத்த ஆண்டு மற்றொரு நாளைச் சேருங்கள். ஏழு நாளும் ஒருநாள் நிறையும். எந்தப் படியில் நின்றாலும், ஏறும் எண்ணத்தோடு நிற்பவருக்கு இறைவன் திருவருள் துணை நிற்கும்.