ஒப்பித்த பேச்சு ஏன் மேடையில் மறக்கிறது?

கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பள்ளிகளில் பேச்சுப் போட்டி என்றால், ஆசிரியர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தைப் பிள்ளைகள் உருப்போடுவார்கள். மேடையேறி, அவையோருக்குக் கணீரென்று வணக்கம் சொல்வார்கள். மூன்றாம் பத்தியில் ஒரு சொல் நழுவும். கண் மேலே போகும், விரல் சட்டை நுனியை முறுக்கும். விட்ட இடம் பிடிபடாமல் மறுபடி வணக்கத்திலிருந்தே ஆரம்பிப்பார்கள். தைரியம் போதவில்லை என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. கோளாறு தயாரிப்பில் இருக்கிறது.

கூட்டத்தைக் கண்டதும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. நெஞ்சு படபடக்கும், நாக்கு வறளும், கை நடுங்கும். கொஞ்ச நேரத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் ஏறும். 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மன அழுத்தத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கத் தேர்ந்தெடுத்த வழியே மேடைப்பேச்சுதான்: முன்பின் தெரியாதவர்கள் முன் ஐந்து நிமிடம் பேசவேண்டும், பிறகு மனக்கணக்கு போடவேண்டும். கார்டிசால் இரண்டு முதல் நான்கு மடங்கானது. இந்தக் கார்டிசால் நினைவிலிருந்து எடுப்பதைத் தடுமாறச் செய்யும். உருப்போட்ட பேச்சில் ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தைப் பிடித்தே வருவதால், ஒன்று அறுந்தால் மீதியும் போச்சு.

அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்திக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். ஒரே அமர்வில் மட்டும் படித்துவிட்டு, பிறகு தாளை மூடி மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61 சதவீதம். படிக்கப் படிக்கத் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் மேடையில் கைவிடுகிறது.

பார்வையாளர்கள் எதிரே இருந்தால் நன்றாகப் பழகியது மேலும் நன்றாக வரும், அரைகுறையாகப் பழகியது மேலும் குழம்பும் என்று 1965இல் உளவியலாளர் சயான்ஸ் எழுதினார். ஆகவே ஆள் முன்னால்தான் பழகவேண்டும்.

இந்த மண்ணில் பேச்சு அப்படித்தான் வளர்ந்தது. நாவன்மைக்குப் பேர்போன வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி 1935 முதல் 1940 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். பின்னாளில் திராவிட இயக்க மேடைகளை ஆண்ட நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே படித்தவர்கள். கடலூரில் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தனின் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அவர் வளர்ந்ததோ விவாதம் ஓயாத கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில்.

ஆசிரியர்களே, போட்டிக்குப் பத்து நாள் முன்பே பிள்ளையிடமிருந்து தாளை வாங்கிவிடுங்கள். நான்கு குறிப்பு போதும். வகுப்பின் முன் நிறுத்தி, பிள்ளை தன் சொல்லில், நாளுக்கொரு விதமாகச் சொல்லட்டும். இன்னொன்றையும் காதில் போடுங்கள்: உள்நடுக்கம் பேசுபவர் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. உளவியலாளர்கள் சாவிட்ஸ்கி, கிலோவிச் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இதை முன்கூட்டியே அறிந்துகொண்டு பேசியவர்களின் பேச்சு, கேட்டவர்கள் மதிப்பீட்டிலும் மேலாகவே இருந்தது.