பந்துக்குள் இருந்த பால்மரம்

பட்டர்வொர்த் மாக் மண்டினில் கோல்ப் பேச்சை எடுத்தால், "அது டத்தோக்கள் ஆட்டம்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆட்டம் அவர்களுடையதாக இருக்கட்டும். பந்தில் நம் தோட்டத்து ஆட்களுக்கும் பங்கு உண்டு.

முதலில் வந்தது மலாயாக் காட்டு மரமொன்றின் பால், கட்டா பெர்ச்சா. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். 1848 வாக்கில் ஸ்காட்லாந்தில் அதை உருட்டிப் பந்தாக்கினார்கள். வழவழப்பான புதுப் பந்து சீக்கிரமே விழுந்தது. அடிபட்டு வடுவேறிய பழைய பந்தோ நன்றாகப் பறந்தது. இன்றைய பந்தில் இருக்கும் முந்நூறு, நானூறு குழிகள் அங்கிருந்து வந்தவைதான். குழிகள் காற்றின் இழுப்பைக் குறைக்கின்றன. பின்பக்கமாகச் சுழலும் சுழற்சி பந்தை மேலே தூக்குகிறது.

1898இல் அமெரிக்கர் கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் நூலை விறைப்பாக இழுத்துச் சுற்றி உறை போட்டார். தூரம் எகிறியது. 1902இல் சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தால் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றதும் கட்டா பந்தின் கதை முடிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் உலக ரப்பர் சந்தை மலாயாவை நம்பத் தொடங்கியது. துரைமார் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து மரம் சீவி, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

இப்போது பந்தின் நடுக்கரு பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலிபூட்டடையீன். பந்துக்குப் பந்து விலை வித்தியாசம் பெரும்பாலும் உறையிலும் அடுக்குகளிலும்தான். சர்லின் என்ற பிளாஸ்டிக் உறை கடினமானது, லேசில் கீறாது. உள்ளே மெத்தென்ற கரு இருந்தால், நீள அடியில் சுழற்சி குறைந்து பந்து தூரம் போகும். ஆனால் பச்சைத் திடலில் இறங்கியதும் நிற்காமல் உருளும். யூரித்தேன் உறை மெல்லியது, மென்மையானது. அதற்கடியில் விறைப்பான அடுக்கு ஒன்று. குட்டை அடியில் மட்டையின் வரிப்பள்ளம் உறையைக் கவ்வ, கீழடுக்கு எதிர்த்துத் தாங்கும். பந்து நிமிடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுற்று சுழன்று, விழுந்த இடத்திலேயே பிரேக் போடும். 2000இல் வந்த டைட்டிலிஸ்ட் புரோ வி1 நீள அடியில் தூரம், குட்டை அடியில் சுழற்சி இரண்டையும் ஒரே பந்தில் கொண்டுவந்து, நூல் சுற்றிய பந்துகளை ஓரங்கட்டியது.

எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதற்குள்தான் இத்தனை வித்தை.

பினாங்கில் இன்னொரு சங்கதி, மழை. புல்லின் ஈரம் மட்டைக்கும் பந்துக்கும் நடுவே புகுந்தால் உறை எதுவானாலும் சுழற்சி சரியும். குளத்தில் பந்தைத் தொலைக்கும் புது ஆட்டக்காரருக்கு இரண்டடுக்கு சர்லின் பந்தே போதும் என்பேன். மிச்ச ரிங்கிட்டுக்குத் தே தாரிக் குடிக்கலாம்.